கடுகு மஞ்சள் லேம்ப்ஷேடு

அறை என்றால் எனக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். ஹோட்டலில் இருபது வருஷம் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? திரை ஒரு நிறம், படுக்கை விரிப்பு ஒரு நிறம் என்று கிடந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் தலையணையை நேராக வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். "அம்மா, இது உன் ஹோட்டல் இல்ல" என்று என் மகள் எத்தனையோ தடவை நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கிறாள்.

அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன மறு வருஷம், பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் மாடி அறையை வாடகைக்கு விட முடிவு செய்தேன். அது அவளுடைய அறை. அவள் அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இருப்பது நான் ஒருத்தி, எனக்கு மாடி எதற்கு? ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பெண் வந்து பார்த்தாள், பிடித்திருந்தது, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சுவருக்கு வெளிர்பச்சை அடித்தேன். ஜன்னலுக்குக் கடுகு மஞ்சளில் மெரூன் பூப்போட்ட திரை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, மேஜைக்கு ஒன்று என்று சிவாஜிநகரில் இரண்டு வெள்ளைத் துணி லேம்ப்ஷேடு வாங்கினேன். வெறும் வெள்ளையாக விட எனக்கு மனசு வருமா? திரையில் இருக்கிற அதே பூ, அதே மஞ்சள் அதிலும் வர வேண்டும். என் முழங்கால் எக்ஸ்ரே ஒன்று பழசாகிக் கிடந்தது. அதில் பூ வடிவத்தை ஓட்டையாக வெட்டி அச்சாக்கினேன். பெயிண்டை ஒற்றுவதற்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் துண்டு போட்டேன். சனிக்கிழமை காலையில் பெயிண்டைக் குழைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன்.

பத்து மணி இருக்கும், மகள் வந்து நின்றாள். கையில் பெரிய பெட்டி. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த பெட்டி அது. இரண்டு நாள் தங்க வருகிறவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். பார்த்ததுமே புரிந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது வேறு ஏதோ சொன்னது.

"என்னடி, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? வீடு இருக்கிற கோலத்தைப் பாரு."

"சும்மாதாம்மா. தோணுச்சு, வந்தேன்."

"மாப்பிள்ளை வரலையா?"

"இல்ல."

அவ்வளவுதான். அவள் செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அவளுடைய பீரோ இருந்த மூலையைப் பார்த்தாள். பீரோவைக் கீழே இறக்கியிருந்தேன். ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டாவது ஷேடை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இதைப் பண்றேன்" என்றாள்.

எனக்கு விஷயம் தெரியாதா? தெரியும். மூன்று மாதமாக போனில் அழுதுகொண்டுதான் இருந்தாள். அவன் கை நீட்டுகிறவன் இல்லை. வாரக்கணக்கில் பேசாமல் இருப்பான், பேசினால் குறைதான். அவள் சமைத்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு வருவான். நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி. போகப் போகச் சரியாயிடும்." ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை என்று கத்துகிற விருந்தாளியிடம் சொல்வது போல, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னேன்.

துணி ஷேடில் பெயிண்டைக் கெட்டியாக வைக்கக் கூடாது, வைத்தால் அந்த இடம் வெளிச்சத்தை விடாது. அதைச் சொல்லித் தருவதற்குள் அவள் ஸ்பாஞ்சை அழுத்திவிட்டாள். மெரூன் வழிந்து பூவுக்குக் கீழே பெரிய கறையாக இறங்கியது.

"கெடுத்துட்டியே! ஒரு வேலை ஒழுங்கா வருதா உனக்கு?"

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இது அங்கேயும் கேட்டுச் சலித்த பேச்சு என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்குப் பதிலாகக் கறைமேல் வெள்ளைப் பெயிண்டைப் பூசி, அதன்மேல் இன்னொரு பூவை வைத்தேன். கறை இருந்ததே தெரியாத அளவுக்குச் சரியாக வந்தது. திரையோடு வைத்துப் பார்த்தேன், நிறம் அச்சு அசலாக ஒத்துப்போனது. எனக்கு ஒரே பெருமை.

சாப்பிட்டு முடித்தபோது மழை மேகம் கூடி அறை இருட்டிவிட்டது. மகள் விளக்கைப் போட்டாள். பல்பு எரிந்ததும் என் கடுகு மஞ்சள் அழுக்குப் பழுப்பாக மாறியது. இரண்டாவது ஷேடில், நான் பூசி மறைத்த இடம் கறுப்புத் திட்டாக அப்படியே தெரிந்தது. விளக்கை எரியவிட்டுத்தான் நிறம் பார்க்க வேண்டும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அந்தத் திட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். காலையிலிருந்து அதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் உடனே பதில் சொன்னேன். யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறும்.

"திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வருதேடி. எல்லாம் மேட்ச் பண்ணி ரெடி பண்ணிட்டேன். ரெண்டு நாள்னா ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரிம்மா" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்ற பயம். வாழாவெட்டி என்று அவளை யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இங்கே வசதியாக இடம் கொடுத்தால் திரும்பிப் போக மாட்டாளோ என்றுகூட நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியோடு ஓசூர் பஸ் ஏறினாள். வாசலில் நின்று ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஈரோட்டுப் பெண் வந்தாள். அதற்குள் ஷேடைத் திருப்பி, திட்டு சுவர்ப் பக்கம் போகிற மாதிரி வைத்திருந்தேன். "ஆன்ட்டி, எவ்ளோ அழகா எல்லாம் மேட்ச்சிங்கா இருக்கு!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து மகள் போன் பண்ணினாள். "நான் பெங்களூருக்கே வந்துட்டேம்மா. வேலை கிடைச்சிருச்சு. பிரேசர் டவுன்ல லேடீஸ் ஹாஸ்டல்." வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத் தூரம்.

அன்றைக்கே போனேன். வெறுங்கையோடு போகவில்லை, பெயிண்ட் டப்பாக்கள், பிரஷ், வெட்டி வைத்த எக்ஸ்ரே எல்லாம் பையில். அறைக்கு ஏதாவது செய்துகொடுக்கலாம் என்ற நினைப்பு. சின்ன அறை. அவளுடைய கட்டில் பக்கத்தில் ஒரு வெள்ளை லேம்ப்ஷேடு, கோடுகூட இல்லாதது. திரை நீலம், விரிப்பு சிவப்பு. என் கை தலையணைப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன்.

"ரூமைக் காலி பண்ணச் சொல்லிடறேன்டி. நீ வந்துடு."

"பாவம்மா. அந்தப் பொண்ணு திடீர்னு எங்க போகும்?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காகத்தான் கேட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. பேச்சை மாற்றப் பையைத் திறந்தேன்.

"இந்த ஷேடுக்காவது ஒரு பார்டர் போட்டுத் தரட்டா? லைட்டைப் போட்டே பாத்துப் பண்றேன்."

"வேணாம்மா. அது அப்படியே இருக்கட்டும்."

டீ வாங்கி வந்து கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், என் பையையும் அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். வார்டன் மேஜைமேல் இருந்த விசிட்டர் நோட்டில் என் பெயருக்கு நேராக நான் கிளம்புகிற நேரத்தை மகளே எழுதினாள். பிறகு ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்.

"இங்க விசிட்டர் வந்தா முன்னாடியே சொல்லணும்மா. அடுத்த தடவை ஒரு போன் பண்ணிட்டு வா."

சரி என்றேன்.