ஹாரன் கேட்கும்வரை

எண்பதுகளில் நாமக்கல் லாரி ஒன்றில் நாங்கள் இரண்டு டிரைவர்கள். ஓட்டுகிறவன் ஊருக்கு ஊர் ஹாரன் அடிக்க வேண்டும். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவன் பின்சீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

கொழுப்பெடுத்து அபின் தின்றோம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வடக்கேயிருந்து மூன்று நாள் உட்கார்ந்தே ஓட்டிப் பார்க்கட்டும். மிளகளவு உருண்டையை டீயில் கரைத்துக் குடித்தால் இடுப்புவலி போய்விடும். கூடவே பயமும் போய்விடும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் வண்டி ஓட்டிய என் கூட்டாளிக்கு நான்தான் கரைத்துக் கொடுத்தேன்.

“இன்னொண்ணு போடு மாப்ள, முதுகு கழண்டு போகுது” என்றான். போட்டேன்.

ராசிபுரம் வரை ஹாரன் கேட்டது, தூங்கிப்போனேன். விழித்தபோது லாரி புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. ஹாரன் மட்டும் ஓயாமல் அலறியது. அவன் நெஞ்சு ஸ்டியரிங்கின் மேல் கிடந்தது. கண் திறந்தே இருந்தது.

“அவரு தூங்கிட்டாருங்களா அண்ணா?” என்று சாவு வீட்டில் அவன் மனைவி கேட்டாள்.

“இல்ல அம்மிணி, முழிச்சுத்தான் இருந்தான்” என்றேன். டீயில் கரைத்துக் கொடுத்ததைச் சொல்லவில்லை.

இப்போதும் அவள் வீட்டுக்குப் போனால், உட்காரச் சொல்லி முதலில் டீ போட்டுத் தருகிறாள். குடித்துவிட்டுத்தான் வருகிறேன்.