தண்ணி போடச் சொன்ன கோச்சு

என் கணவரைத் தண்ணி போடச் சொல்லி ஒரு பெண் உத்தரவு போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட மறுநாள், கையுறைத் தொழிற்சாலையின் சீருடையைக்கூட மாற்றாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஆள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். லூமுட் துறைமுகத்துக்கும் ஈப்போவுக்கும் நடுவே நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஒரு நாள் சரக்குக்கு மேல் கித்தான் கட்ட ஏறியவர், மூச்சு வாங்கிப் பாதியிலேயே இறங்கிவிட்டார். கிளினிக்கில் டாக்டர் வயிற்றைக் குறைக்கச் சொன்னார். என் தம்பி எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு வரிசை தள்ளி இருக்கிறான். அவன்தான் "வாங்க மாமா, ஜிம்முக்குப் போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனான். எப்படியும் ஒரு மாதத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன்.

நினைப்பு பொய்த்தது. மனுஷருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் டெட்லிஃப்ட், குளிக்கும்போதும் டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து, இடுப்பு நிமிரும்வரை தூக்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அது. வருஷக் கடைசியில் ஈப்போவில் எல்லோரும் கலந்துகொள்ளக்கூடிய ஒரு போட்டி நடக்கிறது, அதில் நூற்றைம்பது கிலோ தூக்கிக் காட்டுகிறேன் என்று தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் கம்பி நூற்றி முப்பதுக்கு மேல் ஒரு கிலோகூட அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் என் சமையலறை மேசையில்தான் இருந்தது. ஜிம்மிலிருந்து வரும்போதெல்லாம் கையில் ஒரு போத்தல் ஸ்டவுட். அந்தக் கறுப்பு பீரைப் பெரிய கிளாஸில் ஊற்றி, இரண்டு பச்சை முட்டையை உடைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். நம் ஆட்களுக்கு ஸ்டவுட் என்றால் மதுக் கணக்கில் வராது, மருந்துக் கணக்கில்தான் வரும். எனக்கு மகள் பிறந்தபோது என் மாமியாரே ஒரு கிளாஸ் நீட்டி, "தெம்பு வரும், குடி" என்றவர். முன்பெல்லாம் என் கணவர் குடிப்பது சனிக்கிழமை மட்டும்தான். இப்போது வாரத்தில் மூன்று நாள் பயிற்சி என்றால் மூன்று நாளும் தெம்பு. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது.

அவர் குடித்துவிட்டு அடிக்கிறவரோ ஏசுகிறவரோ இல்லை. அமைதியாகிவிடுவார், அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை மழையில் மோட்டாரோடு சாக்கடையில் விழுந்து கிடந்தவரை என் தம்பிதான் தூக்கி வந்தான். அன்றிலிருந்து எனக்கு அந்த ஸ்டவுட் வாசனை மூக்கில் ஏறினாலே சோறு இறங்காது.

"ஏங்க, ஒடம்பு தேத்துறேன்னுட்டு இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல் சொன்னார்: "கோச்சு சொன்னாங்க. பயிற்சி முடிஞ்சதும் நல்லா தண்ணி போடணுமாம், முட்டை சாப்பிடணுமாம்."

"ஆமாக்கா, நானும் கேட்டேன். சத்தியமாலா!" என்றான் தம்பி.

அதனால்தான் மறுநாள் அந்தப் பறப்பு.

ஜிம் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. என் கணவர் அன்றைக்கு லூமுட்டில். உள்ளே கோச்சு மட்டும் இருந்தாள், முப்பது வயசுச் சீனப் பெண், கிராப்பு வெட்டிய தலை, என் தொடையளவு கை. ஆளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர தண்ணி போடச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா அக்கா, நான்தான்!" என்று அவள் ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். "தண்ணி போடலன்னா ஓட்டோட் எப்பிடி வளரும்?" என்று தன் புஜத்துத் தசையைத் தட்டிக் காட்டினாள்.

"வெக்கமா இல்ல? ஒரு பொம்பள இப்பிடிச் சொல்லலாமா?"

"ஏன்லா? நானும் போடுவேன். காலையில எந்திரிச்சதும் மொதல்ல தண்ணிதான். ஒரு நாளைக்கி இந்த மாதிரி மூணு போத்தல் போட்டுருவேன்!"

அவள் தூக்கிக் காட்டியது ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல். அதற்குள்ளே வெறும் தண்ணீர். மறுபக்கத்தில் இருந்த சுவர்க் கண்ணாடி தெரிகிற அளவுக்குத் தெளிவான தண்ணீர்.

பிறகு மெதுவாக விசாரித்தேன். அவள் அப்பா பத்து காஜாவில் கோப்பிக் கடை வைத்திருந்தவர். தோட்டத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து, "தௌக்கே, ஒரு தே போடு, ஒரு கோப்பி போடு" என்பார்கள். சின்ன வயசில் அதைக் கேட்டே தமிழ் பழகியவள், 'போடு' என்றால் குடிப்பது என்று பிடித்துக்கொண்டாள். தே போடலாம், கோப்பி போடலாம் என்றால் தண்ணி மட்டும் ஏன் போடக்கூடாது? அவள் கணக்கில் தப்பே இல்லை.

தமிழில் தண்ணி போடுவதென்றால் என்னவென்று நான் சொன்னதும், அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப அண்ணே இத்தன நாளா என்னா குடிச்சாரு?"

"ஸ்டவுட். ரெண்டு முட்டை ஒடச்சி ஊத்தி."

"அதான்லா! அதான் நூத்தி முப்பதுலயே நிக்கிறாரு!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் விளக்கியதை இன்றைக்கும் அப்படியே என்னால் ஒப்பிக்க முடியும். "தூக்கும்போது ஓட்டோட் வளராது அக்கா. தூக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கிழியும். வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் ஒடம்பு உக்காந்து அதத் தைக்கும். அந்த நேரத்துல பீரு உள்ள போச்சுன்னா, ஒடம்பு தையல கீழ வெச்சிட்டு அத வெளிய தள்ள ஓடிரும். தூக்கமும் கெட்டுரும். கண்ணு மூடியிருக்கும், ஒடம்பு ஓய்வு எடுக்காது. இருக்கிற தண்ணியெல்லாம் ஒண்ணுக்காப் போயிரும். அப்புறம் எங்க வளர்றது? வயிறுதான் வளரும்!"

"முட்டை?"

"முட்டை நல்லதுலா. அவிச்சிக் குடுங்க."

கிளம்பப் போன என்னை அவள் விடவில்லை. "இவ்ளோ கோவத்தோட வந்தீங்க, சும்மா போவாதீங்க அக்கா" என்று ஒரு கம்பியைக் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். முதுகை நேராக வை, காலால் தரையைத் தள்ளு என்றாள். தள்ளினேன். ஐயோ, வந்துவிட்டது! இத்தனை வருஷம் குனிந்தது எல்லாம் துடைக்கவும் பொறுக்கவும்தான். குனிந்து நிமிர்வதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. இன்னும் இரண்டு இரும்புத் தட்டை மாட்டச் சொன்னேன். அதையும் தூக்கி, பொத்தென்று போட்டேன். டயர் வெடித்துவிட்டதா என்று பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் புரையேறும்வரை சிரித்தார். தம்பிக்குத்தான் தாங்க முடியாத சோகம். "கோச்சு தமிழத் தப்பாப் பேசுனா அது நம்ம குத்தமாக்கா?" என்றான்.

சிரித்து முடித்த பிறகு என் கணவர் ஒரு வாக்குக் கொடுத்தார். "போட்டி முடியிற வரைக்கும் தொட மாட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பாக்கலாம்." மீதமிருந்த இரண்டு போத்தல் ஸ்டவுட்டை ஐஸ்பெட்டியின் அடித்தட்டில், காய்கறிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். "நூத்தம்பது தூக்குற அன்னிக்கித் தொறப்பேன். கை வெக்காத."

என் நிலைமையைப் பாருங்கள். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவரைவிட ஆசை. ஆனால் ஜெயித்தால் போத்தல் திறக்கும். கத்தரிக்காய் எடுக்கக் குனியும்போதெல்லாம் அந்த இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

நானும் ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். காவலுக்குப் போவதாகத்தான் சொன்னேன். உண்மையில் கம்பி என்னைப் பிடித்துக்கொண்டது. அவருக்கோ, இரவில் நல்ல தூக்கம் வந்தது. கடிகாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து முட்டை அவிக்க ஆரம்பித்தார். நகரவே மாட்டேன் என்று நின்ற எடை நகர்ந்தது. கித்தான் கட்ட லாரி மேல் ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்று லூமுட்டிலிருந்து போன் போட்டுச் சொன்னார், அதுவும் லாரி மேல் நின்றுகொண்டே. தம்பி மட்டும் ஸ்டவுட்டை விடவில்லை, அவன் எடையும் நகரவில்லை. கேட்டால், தனக்கு எலும்பு கனம் என்றான்.

இடையில் சித்தியவானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. மாமன் மச்சான்கள் உட்கார்ந்த மேசையில் இவர் முன்னால் ஒரு கிளாஸை நகர்த்தினார்கள். நான் சோற்றில் கை வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி, "கோச்சு தண்ணி போடச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டாண்டா!" என்றார் ஒரு மாமா.

"எண்பது கிலோ தூக்குறா மாமா. பயப்படாம இருக்க முடியுமா?"

மேசையே அதிர்ந்தது. எனக்கு எழுந்து ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆளுக்கு மூன்று முயற்சி. முதல் முயற்சியில் நூற்றி நாற்பதைச் சுலபமாகத் தூக்கினார். இரண்டாவதில் நூற்றைம்பது முழங்கால்வரை வந்து நின்றது, கீழே போட்டுவிட்டார். மூன்றாவதற்கு முன்னால் நாற்காலியில் வியர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கோச்சு மண்டபமே கேட்கும்படி கத்தினாள்: "அண்ணே! தண்ணி போடு!"

மண்டபத்தில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். "எங்களுக்கும் ஒண்ணு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் கணவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்து, சிரித்துக்கொண்டே போய்க் கம்பியைப் பிடித்தார்.

முழங்கால். அங்கே ஒரு கணம் நின்றது. "தள்ளுங்க! தரையத் தள்ளுங்க!" என்று நான் நாற்காலி மேல் ஏறி அலறினேன். கம்பி தொடையில் உரசி மேலே வந்தது, தோள் நிமிர்ந்தது, நடுவர்களின் மூன்று விளக்கும் வெள்ளையாக எரிந்தன. நான் யாரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த டயர் கடைக்காரராக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தோம். தம்பி எங்களுக்கு முன்பே சமையலறையில் இரண்டு கிளாஸோடு உட்கார்ந்திருந்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் நறுக்கினேன். ஐஸ்பெட்டி திறந்தது. போத்தல் மேசையில் உட்காரும் சத்தம், இரண்டு தடவை. மூடி திறக்கும் சத்தமும் கேட்டது. வாக்குக் கொடுத்தது போட்டிவரைக்கும்தான், கேட்க எனக்கு என்ன உரிமை என்று கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கோழி இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"எதுக்கு?"

"கோச்சு சொன்னாங்க, அவுங்க வீட்டுல இத ஊத்திக் கோழி சமைப்பாங்களாம். நாளைக்கிக் காலையில பயிற்சி இருக்குலா, ரெண்டு பேருக்கும். அடுத்தது நூத்தி அறுவது."

வாணலியில் கோழி விழுந்தது. அவரே நின்று இரண்டு போத்தலையும் கடைசிச் சொட்டுவரை அதில் கவிழ்த்தார்.

"மாமா, பாவம் மாமா அது!" என்று தம்பி அழாத குறையாகச் சொன்னான்.

"ஒனக்கும்தான் மச்சான். சாப்பிட்டுட்டு தண்ணி போடு" என்று குழாயைக் காட்டினார்.

குழம்பு கறுப்பாகக் கொதித்தது. வீடு முழுக்க அந்த ஸ்டவுட் வாசனை. நான் மூடியைத் திறந்து, குனிந்து, நன்றாக இழுத்து முகர்ந்தேன். எனக்குப் பசித்தது.