பிந்தி வந்தவர்கள்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மஸ்தான் பாய் அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். பள்ளிவாசலில் இல்லை, என் லாட்ஜின் வரவேற்பறையில். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம்தான் வாட்ச்மேன் தொப்பி தலைக்கு ஏறும்.

அந்த ஓவியத்தை நான்தான் ஏலத்தில் எடுத்தேன். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு வீட்டைக் காலி செய்தபோது படித்தவர்களெல்லாம் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற என் கண்ணுக்குத்தான் இது பட்டது. ஆளுயரம். எவனோ வெள்ளைக்காரன் வரைந்த கெய்ரோ பள்ளிவாசல். ஒரே வரிசையில் ஒருவர் நிற்கிறார், ஒருவர் குனிந்திருக்கிறார், ஒருவர் நெற்றியைத் தரையில் வைத்திருக்கிறார்.

முல்லா வீதிப் பள்ளிவாசலுக்குச் சுவர் பூசிய கை இது. எனக்குத் தெரியாதா? "எல்லாரும் ஒண்ணாத்தானே குனிவீங்க பாய்? தப்பா வரைஞ்சிட்டானே" என்றேன்.

"சரியாத்தான் வரைஞ்சிருக்கான் மொதலாளி. இமாம் தொழவச்சு முடிச்சிட்டாரு. இவங்கள்லாம் லேட்டா வந்தவங்க. உட்டுப்போனத அவங்கவங்க தனியாத் தொழுவுறாங்க. அதுவும் போய்ச் சேரும்."

விருந்தாளி யார் கேட்டாலும் இதே விளக்கம்தான். "போய்ச் சேரும்" என்னும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அரபு நாட்டுத் தம்மாமில் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். மனைவி இறந்த சேதி கேட்டு ஓடிவந்தார். அதற்குள் தொழவைத்து அடக்கியும் விட்டார்கள். "மண்ணு ஈரமா இருந்திச்சு" என்பார். அடக்கிய இடத்தில் தனியாக நின்றுதான் தொழுதாராம்.

போன மாதம் ஓவியம் படித்த பாரிஸ்கார அம்மா ஒருவர் வந்து தங்கினார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க பாய் உங்களுக்கே பாடம் எடுப்பாரு" என்று பாயைக் கூட்டிவந்து நிறுத்தினேன். வரவேற்பில் இருக்கும் கலைவாணி அவர் விளக்கத்தைப் பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மா சிரித்தபடி நீளமாக ஏதோ சொன்னார். கலைவாணி பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"சொல்லும்மா, மென்னு முழுங்காத" என்றேன்.

"இவங்க யாரும் தொழுவலையாம் பாய். வரைஞ்சவன் ஒரே ஆள அவன் ஊர்லயே கூலிக்கு நிக்க வச்சு, குனிய வச்சு வரைஞ்சதாம். தாடியும் துணியும்தான் வேறயாம்."

"எல்லாம் ஒரே ஆளா?" பாய் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப... யாருமே தொழுவலையா?"

எந்தச் சபையிலும் வாய் ஓயாத நான், வாசல் பக்கம் போய்ப் பூந்தொட்டியை நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை பாய் வழக்கம்போல வந்தார். படத்தின் முன்னால் ஒரு செருப்பைக் கழற்றினார். வெறுங்காலைத் தரையில் வைத்தபடி, படத்தில் குனிந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு அந்தக் காலை மறுபடி செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.