களாப்பூ சாமிக்கு ஆகாதா?

போன மாதம் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தால், நான் வளர்த்த களாச்செடியில் எங்கள் வீட்டு ஓனர் பூப் பறித்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக இதே கதைதான்.

என்ன செய்ய? நான் வாடகைக்கு இருப்பவன்.

ஆடு நுழையாமல் இருக்கட்டும் என்று வேலியோரம் வைத்த முள்ளுச்செடி அது. மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி, இந்தப் பங்குனியில்தான் பூத்தது. வெள்ளைப் பூ, மல்லிகை போல வாசனை... ஓனர் தினமும் சிவபூஜை செய்பவர். திருவண்ணாமலையில் சாமிக்கென்று பூப் பறிக்கிறவரை யாரும் தடுப்பதில்லை.

ஆனால் பூ போய்விட்டால் காய் ஏது? என் மனைவி மாசமாக இருக்கிறாள். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். களாக்காய் ஊறுகாய் மட்டும் கிடைத்தால் நாலு வாய் சாப்பிடுவேன் என்று அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பறிக்காதீங்க' என்று சொன்னால் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"சார்... முள்ளுச்செடிப் பூ சாமிக்கு ஆகாதாமே? கோயில்லயே சொன்னாங்க."

ஓனரின் கை அப்படியே நின்றது. "அப்படியா? பத்து நாளா போட்டுட்டேனே... சாமிக்கு ஆகாத செடி வாசல்ல எதுக்கு சார்? நாளைக்கே ஆள் வெச்சு வெட்டிடலாம்."

சொன்ன பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது என்று பார்த்தேன். அதற்குள் மனைவி வெளியே வந்தாள்.

"வெட்டாதீங்க மாமா. வாயும் வயிறுமா இருக்கேன். அந்தக் காய் மேல ஆசையா இருக்குது."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? பூவுல கையே வெச்சிருக்க மாட்டேனே."

அவ்வளவுதான். கூடையோடு போய்விட்டார். இப்போது செடி முழுக்கப் பிஞ்சு.

நேராகச் சொல்ல வேண்டியதற்கு நாம் ஏன் சாமியைத் துணைக்கு இழுக்கிறோம்? கேட்டால் மரியாதை என்போம். என் விஷயத்தில் அது வெறும் பயம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று ஆபீஸ் வேலையாகக் கீழ்பென்னாத்தூர் போனேன். ஓனரின் தங்கை வீடு அங்கேதான். ஒரு பார்சல் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

போனால், கொல்லையில் இரண்டு ஆட்கள் அரிவாளோடு நிற்கிறார்கள், பக்கத்தில் அந்தத் தங்கை. பெரிய களா வேலி. பாதி தரையில் கிடக்கிறது, கொத்துக் கொத்தாகக் காயோடு.

"ஏம்மா வெட்டறீங்க?"

"சாமிக்கு ஆகாதாங்க. அண்ணன் சொன்னாரு. கோயில்லயே சொல்லிட்டாங்களாம். வருஷா வருஷம் ரெண்டு ஜாடி ஊறுகா போடுவேன், மனசே வரல. உங்களுக்குத் தெரியுமாங்க, அது நெசமா?"

மீதி வேலியைக் காப்பாற்ற ஒரு வார்த்தை போதும். வெட்கமாக இருந்தது.

"தெரியலைங்க" என்று சொல்லி, பார்சலைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.