கம்பு மேலே போகாத நாள்

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "பாட்டி, இந்த வருஷம் பரேட்ல நான்தான் முன்னுக்குப் போறேன்" என்றாள். என் காதில் பெரட்டு என்று விழுந்தது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்க எங்களை வரிசையாக நிற்க வைப்பார்களே, அதுதான் பெரட்டு.

"எந்தத் தோட்டத்துலடி இப்ப பெரட்டு வைக்கிறாங்க? படிக்கிற பிள்ளய பால்மரம் வெட்டவா கூப்பிடறாங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் பள்ளிக்கூட பேண்டு. கொட்டும் குழலுமாக ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள். இவள் முன்னால் குமிழ் வைத்த நீளக் கம்போடு நடப்பாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். ஊதவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம் என்றதும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. பிறகு ஒருநாள் கொல்லையில் அந்தக் கம்பைச் சுழற்றி மேலே எறிந்து, ஒற்றைக் கையால் பிடித்தாள். அன்றிலிருந்து நான் அவள் கட்சி. பெம்பான் சந்தையில் மீன் விற்கிற சீன அம்மாவிடம்கூட குடையை வைத்துச் செய்து காட்டினேன். என் மலாய் அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

கம்பு சுழற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். எங்கே! யாராவது பயிற்சிக்கு வரவில்லையா, இவள்தான் போன் போட வேண்டும். யாருக்குத் தொப்பி சிறியது, யார் வீட்டுக்கு பஸ் இல்லை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் இவள் தலையில். பெரிய கொட்டு அடிப்பவள் இப்போதுதான் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து முதல் ஃபாரம் படிக்கிற பொடிசு. முன்னாலிருந்து பார்த்தால் கொட்டுக்குக் கால் முளைத்து நடந்து வருவதுபோல இருக்கும். அவளுக்கு இடது வலது குழம்பும். அதனால் என் பேத்தி சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலிலேயே அவளை நடக்க வைத்துப் பழக்கினாள். நான் இருவருக்கும் மைலோ கலக்கிக் கொடுப்பேன்.

போட்டி மலாக்கா டவுன் திடலில். மழை அப்போதுதான் விட்டிருந்தது, புல்லெல்லாம் சேறு. நடுவர்கள் உட்கார்ந்த கூடாரத்துக்கு நேரே வரும்போது கம்பை எறிய வேண்டும். அதற்குத் தனிப் புள்ளி உண்டு. அந்த ஒரு எறிதலுக்காகத்தான் என் பேத்தி மாதக்கணக்கில் காத்திருந்தாள். காலையில் இட்லிகூட இறங்கவில்லை அவளுக்கு.

வந்தார்கள் பாருங்கள், வெள்ளை உடுப்பில்! என் நெஞ்சே கொட்டு அடித்தது. கூடாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பொடிசின் சப்பாத்து சேற்றில் மாட்டியது. விழவில்லை, ஆனால் 'டும்' வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பின்வரிசைக் கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. இதைக் கவனிக்காமல் நான் பாட்டுக்கு, "தூக்கிப் போடும்மா" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

என் பேத்தி எறியவில்லை. சட்டென்று பிள்ளைகள் பக்கம் திரும்பி, பின்னுக்கு நடந்தபடியே கம்பை மேலும் கீழும் அசைத்தாள். கண் அந்தப் பொடிசின் மேலேயே இருந்தது. இடது, வலது. கொட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. கால்கள் ஒன்றாகின. அதற்குள் கூடாரத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மூன்றாவது பரிசு. எறிந்திருந்தால் இரண்டாவது வந்திருக்கலாம் என்று பேண்டு வாத்தியார் சொன்னாராம். சொல்லிவிட்டுத் தோளில் தட்டியும் கொடுத்தாராம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன்டி போடல? பயந்துட்டியா?"

"இல்ல பாட்டி. கம்பு மேல போனா எல்லாரும் மேலதான் பாப்பாங்க. அப்புறம் அவ கால யாரு பாக்குறது?"

காலையில் அவள் தொடாத இட்லியைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன்.

பஸ் பக்கத்தில் பிள்ளைகள் அவளை விடவில்லை. இப்போதாவது எறிந்து காட்டச் சொல்லிச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் சும்மா நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு எறிந்தாள். ஆகா, வெயிலில் பளபளவென்று மரக்கிளை உயரம் போனது! போய், திரும்பி வந்து, அவள் விரலில் பட்டுத் தார் ரோட்டில் டங்கென்று விழுந்தது.

அந்தப் பொடிசுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்ல வேள லா அக்கா, நீங்க அங்க போடல."

பஸ் டிரைவர் தூக்கம் கலைந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அதில் என் பேத்தியின் சத்தம்தான் பெரிது.