தபால் பெட்டியும் சியானோ அண்ணனின் தொப்பையும்

எங்கள் கொரோன் ஊர்ப் படகுத்துறையில் கொஞ்ச நாள் பார்க்காத ஒருவரைப் பார்த்தால் முதலில் சொல்வது, "என்னப்பா, குண்டாயிட்டே?" என்பதுதான். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம். சொல்லப்பட்டவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். தொப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவான். இந்த மரியாதை எங்கள் சியானோ அண்ணனுக்குக் கிடைத்த அளவு ஊரில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியார்கூட அவரை மேலும் கீழும் பார்த்து, "சியானோ, ஆண்டவர் உன்ன நல்லாவே கவனிச்சுக்கிறார் போல" என்பார்.

ஞானஸ்நானப் பெயர் ஃபெலிசியானோ. எதிர்த் தீவில் பிறந்தவர். இளவயதில், படகில் ஓடும் காற்று இயந்திரத்தின் ரப்பர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கடலடியில் இறங்கி மீன் பிடித்தவர். பிறகு, மூழ்கிய கப்பல்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கியதும், அவர்களை ஏற்றிப்போகும் படகில் சமையல்காரராகச் சேர்ந்தார். ஒருநாள் வழிகாட்டிக்குக் காய்ச்சல். இவர் கரண்டியை வைத்துவிட்டு, காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு குதித்தார். அதோடு சரி, கரண்டியை மறுபடி தொடவில்லை.

"சமைக்கிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும் தம்பி. வழிகாட்டின்னா முதல் தட்டு" என்பார். அந்த முதல் தட்டில் சோறு ஒரு குன்று. காய்ந்த மீன், மிளகாய் ஊறிய வினிகர், பக்கத்தில் இன்னொரு சின்னக் குன்று. "அது எதுக்குண்ணே?" என்று கேட்டால், "பெரிசு தனியா இருந்தா பயப்படும்ல?"

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள் சாய்ந்தவள். போர்க்காலத்தில் குண்டு பட்டு மூழ்கிய ஜப்பானியச் சரக்குக் கப்பலுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்க்கும்போதும் அவளிடம் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். ஒரு வருடம் புகைபோக்கி. இன்னொரு வருடம் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிகள் துருத்தூளாகி மணலில் கிடந்தன.

அவள் வயிற்றுக்குள், சரக்கறையிலிருந்து கொதிகலன் அறைக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. கப்பல் படுத்ததால் கதவும் படுத்துவிட்டது. அகலம் தாராளம், உயரம்தான் கொஞ்சம். கடிதத்தைப் போடுவது போல ஆளைச் செருகினால்தான் உள்ளே போக முடியும். அதனால் அது தபால் பெட்டி. அந்தப் பக்கம் போனால், துரு விழுந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கும். அதைப் பார்க்கத்தான் உலகத்தின் மறுமூலையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தபால் பெட்டிக்குள் கூட்டிப்போகத் தெரியாதவனை எங்கள் படகில் வழிகாட்டி என்று யாரும் சொல்வதில்லை.

போன பருவத்தின் கடைசியில், பெட்டிக்குள் நுழையும்போது அண்ணனுடைய சிலிண்டர் மேலே இடித்தது. வாழ்நாளில் இடித்ததில்லை. படகேறி முகமூடியைக் கழற்றியதும், "பெட்டி இறங்கியிருக்கு" என்றார்.

படகோட்டி போன்ஸோ மாமா, மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகி, மோட்டார் நின்ற பிறகும் கத்துகிற ஆள். "பெட்டி இறங்கலடா! உன் தொப்பைதான் இறங்கியிருக்கு! பன்னிய யாராவது தபால்ல போடுவாங்களாடா?"

"பார்சல்லதான் மாமா அனுப்பணும்" என்றேன் நான்.

படகே குலுங்கிச் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் மாமா குரலை இறக்கினார். மாமா குரலை இறக்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "சியானோ, விளையாட்டில்ல. மழை முடியறதுக்குள்ள இளைச்சுட்டு வா. இல்லேன்னா பெட்டிக்கு ஜெப்போய் போவான். நீ பழையபடி அடுப்புக்குப் போ."

ஜெப்போய் நான்தான். அன்றைக்கு அண்ணன் தட்டில் சின்னக் குன்று அப்படியே மிஞ்சியது.

அவரே நம்பிவிட்டார், அதுதான் வேடிக்கை. ஒருவருக்குக்கூடக் கீழே போய் ஒரு குச்சியை வைத்து அளக்கத் தோன்றவில்லை. புகைபோக்கி விழுந்ததைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் தொப்பை கண்ணுக்கு முன்னால் இருந்தது, கப்பல் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

தென்மேற்குக் காற்று ஆரம்பித்தது, படகுகள் கரையேறின. அண்ணன் சோற்றை நிறுத்தினார். எங்கள் ஊரில் ஒருவன் குடியை நிறுத்தினால் கைதட்டுவார்கள். சோற்றை நிறுத்தினால் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள். சோற்றுப்பானை கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாராம். சொன்னது அவர் மனைவி நெனிதா அக்கா. படகுத்துறைக்கே வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ஜெப்போய், உண்மையச் சொல்லு. யாரு அவ?"

"எவக்கா?"

"கல்யாணம் ஆன நாள்லருந்து நான் கத்தியும் ஒரு கவளம் குறைக்காத மனுசன் இப்ப வெள்ளரிக்கா கடிக்கிறாரு. ஆம்பள இளைச்சா ஒண்ணு வியாதி, இல்ல பொம்பள. வியாதி இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பேரு சாய்ஞ்சவ. ஜப்பான்காரி. வயசு எம்பதுக்கு மேல. ஒல்லியா இருக்கிறவங்களத்தான் வீட்டுக்குள்ள விடுவாளாம்."

செருப்பு என் காதை உரசிக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. அதை நான்தான் குதித்து எடுத்துக் கொடுத்தேன். விஷயம் புரிந்ததும் அக்கா சாந்தமானாள். அண்ணனுடைய கால்சட்டைகளையெல்லாம் இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மழை விட்டது. துறைக்கு வந்த அண்ணனைப் பார்த்து ஊரே பதறியது. "என்ன சியானோ, உடம்புக்கு முடியலையா?" கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய நின்றார். முக்குளிக்கும் உடை முதுகில் தொளதொளவென்று மடிந்து கிடந்தது. போன்ஸோ மாமா அவரைச் சுற்றி வந்து பார்த்து, "இப்பதான்டா தபால்தலை ஒட்டலாம்" என்று கத்தினார். பெட்டி மறுபடி அண்ணனுக்கே.

அந்தப் பருவத்தின் முதல் விருந்தாளி பிர்கித் என்ற டென்மார்க் பள்ளி ஆசிரியை. நெட்டைக் கொக்கு. முன்னால் அண்ணன், நடுவில் அவள், கடைசியில் நான். சரக்கறைக்குள் போனோம். அண்ணன் எப்போதும் போலத் திரும்பி எங்களைப் பார்த்து, இல்லாத தொப்பையைத் தடவிக் காட்டினார். பிறகு பெட்டிக்குள் தலையை விட்டார். தோள் போனது. மார்பு போனது. இடுப்பும் போனது.

நின்றுவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேச்சை உதட்டால் பேசுகிறவர்கள். அதோ அங்கே, அந்த ஆள், போகலாம், எல்லாமே உதட்டைக் குவித்தால் முடிந்தது. கடலடியில் வாயில் குழாய் இருப்பதால் மிச்சம் கைதான். இப்போது அண்ணனுடைய கை, தலை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். எங்களுக்குத் தெரிந்தது துடுப்பு மாட்டிய இரண்டு கால்கள் மட்டுமே.

அந்தப் பக்கம் நடந்ததை அவர் பிறகு சொன்னார். "முதல்ல என் தங்கச்சி மக கல்யாணத்துல திருட்டுத்தனமா தின்ன பன்னித்தோல்தான் ஞாபகம் வந்துச்சு. அய்யோ, அந்த ஒரு துண்டு காட்டிக் கொடுத்துடுச்சேன்னு நினைச்சேன். அப்புறம் கால்சட்டை ஞாபகம் வந்துச்சு. கால்சட்டை எனக்காகப் பொய் சொல்லாதுல்ல. நான் பாதியா ஆயிட்டேன், ஆனா போன தடவைய விட நெருக்கமா இருக்கு. அப்படின்னா அசையறது நானில்ல. சிலிண்டர் மேல எதுவோ குடிகாரன் மாதிரி சாயுதுடா. மேலேருந்து துரு, மழை மாதிரி."

நாங்கள் பார்த்தது இதுதான்: அவருடைய இரண்டு துடுப்புகளும் மெல்ல ஒன்றின் மேல் ஒன்றாக வந்து, பெருக்கல் குறி போட்டு நின்றன.

பிர்கித் அதை அண்ணனுடைய கோமாளித்தனம் என்று நினைத்துக் கைதட்டினாள். பெட்டியை நோக்கி நகரவும் செய்தாள். நான் அவள் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வெளியே போ என்று கையால் காட்டினேன். என் கண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவள் நல்ல வெளிச்சத்துக்குப் போய் நின்றதும் அண்ணனிடம் திரும்பி, கணுக்காலைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினேன். வந்துட்டேன் என்று அர்த்தம். கால் ஒருமுறை உதைத்தது. புரிந்தது என்று நானே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் அவர் சிலிண்டர் கட்டிய சட்டையின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளே குமிழிச் சத்தம் நின்றது. நெஞ்சு சுருங்கட்டும் என்று நுரையீரலைக் காலி செய்துவிட்டார். நான் இழுத்தேன். இடுப்பு வந்தது. அந்த இடுப்பில் பழைய தொப்பை இருந்திருந்தால் அந்தச் சட்டைக்குள்ளிருந்து கழன்றிருக்கவே முடியாது. வழுக்கிக்கொண்டு வந்தது. முதுகு, தோள், கடைசியில் குழாயைப் பல்லில் கடித்தபடி தலை. சிலிண்டரின் அடியைப் பிடித்து இருவரும் அசைத்தோம். கரகரவென்று அதுவும் வந்தது. அண்ணன் அதைக் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டார். துருப்புகையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வெளியே வந்தோம்.

ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறக்கூடாது என்பதால், மேலே வரும் வழியில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து வழக்கம்போல் காத்திருந்தோம். அப்போது கேட்டது. பக்கத்து வீட்டில் இரும்புக் கட்டிலை இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு நெஞ்சுக்குள் ஒரு குத்து. கீழே சாய்ந்தவளின் ஓட்டைகளிலிருந்தெல்லாம் பழுப்பு நிறத்தில் புகை எழுந்தது. பிர்கித் என் கையை நசுக்கினாள்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். விரலை ஆட்டி இல்லை என்றார். கப்பலைக் காட்டினார். மறுபடி வயிறு, இல்லை. மறுபடி கப்பல். அவர் வாயிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகப் போயின, சிரித்துக்கொண்டிருந்தார்.

படகில் ஏறியதும் முதல் பேச்சும் அதுதான். "மாமா! தொப்பை இல்ல! பெட்டிதான்! சொன்னேன்ல?"

நான் நடந்ததைச் சொன்னேன். போன்ஸோ மாமா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், எங்கே முடிப்பது என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு குரலை இறக்கிப் பேசினார். "இனிமே யாரும் அவளுக்குள்ள போக வேணாம். வெளியவே சுத்திக் காட்டுங்க. அவ வெளியவும் அழகுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு எந்த உடம்பு இருந்தாலும் போதும்."

பிர்கித் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். "காலை அப்படிக் குறுக்கா வெச்சீங்களே, அந்தச் சைகை எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல மேடம், கால்லதான் இருக்கு" என்றார் அண்ணன். அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அவளுக்குச் சூடாக ஏதாவது கொடுக்க அடுப்புப் பக்கம் போன மாமா, கையில் மொத்தச் சோற்றுப்பானையோடு திரும்பி வந்து, அதை அண்ணன் முன்னால் வைத்தார்.

அண்ணன் கரண்டி தேடவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பிர்கித்தும் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே சாப்பிட்டாள். பெரிய குன்றுக்குப் பக்கத்தில் சின்னக் குன்றை நான் வைத்தேன்.

மாலை அண்ணன் வீட்டுக்குப் போனோம். நெனிதா அக்கா நடந்ததைக் கேட்டு அவர் முதுகில் நாலு அடி வைத்தாள், பிறகு அதே முதுகைத் தடவிக் கொடுத்தாள். கால்சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்புத் தையலைப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்த பழைய துணி வெட்டாமல் முழுசாக இருந்தது.

"வெட்டலையா நீ?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியாதா உங்கள?" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.