நாய்க்கும் புரட்டாசி

என் நாய் அடுத்தவர் வீட்டில் வாய் வைக்காது என்று நான் அடித்துக்கொண்ட பெருமைக்கு அளவே கிடையாது. புதுப்பட்டினத்தில் நான் குடியிருக்கும் தெருவில் அதைக் கேட்டுச் சலிக்காதவர் யாரும் இல்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவள் நான். தனிக்கட்டை. ஒரு மழை நாளில் ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் நனைந்து கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தேன். வளர்த்தால் ஒழுங்காக வளர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஆசைப்படவே கூடாது என்பது என் கட்சி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருஷம் தவறியதில்லை. வெளியே போனால் அவள் கழுத்தில் பட்டை, என் ஒரு கையில் கயிறு, மறு கையில் பழைய செய்தித்தாள். யார் வாசலிலாவது அவள் உட்கார்ந்துவிட்டால் நான் குனிந்து அள்ளுவேன். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், வாசல் சுத்தமாக இருந்தால் சரி. குட்டிகள் தெருவில் அநாதையாகத் திரிய வேண்டாம் என்று அவளுக்குக் கருப்பை ஆபரேஷனும் செய்துவைத்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனை ஒழுங்கிலும் ஒரு கோணல் இருந்தது. புரட்டாசி பிறந்தால் என் வீட்டுக்குள் முட்டைகூட வராது. ஆகவே அவளுக்கும் விரதம்தான். மற்ற மாதங்களில் கோழியும் சோறும் தின்கிறவளுக்குப் புரட்டாசி முழுக்கத் தயிர்சாதம், பருப்பு, வேகவைத்த பூசணிக்காய். பாதியைத் தின்பாள், மீதியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். ஆனாலும் மாதக் கடைசியில் இளைத்திருக்கவே மாட்டாள், ரோமம் பளபளவென்று இருக்கும். பெருமாள் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பினேன். ஆபீசில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

போன வருஷம் ஆடியிலிருந்தே எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. செங்கல்பட்டு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கருப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து தள்ளிப்போட்டேன். மறுபடி போனேன், மறுபடி தள்ளிப்போட்டேன். புரட்டாசியும் பிறந்துவிட்டது. "ரத்தம் குறைஞ்சுகிட்டே போகுது. எதுக்குக் காத்திருக்கீங்க?" என்று அவர் கோபமாகவே கேட்டார். என் நாய்க்குச் சோறு போட ஆள் இல்லை என்று அந்த அறையில் எப்படிச் சொல்வது? பிறர் கையால் தின்னாதவள், ஒரு வாரம் நான் இல்லாவிட்டால் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று உண்மையாகவே பயந்தேன். நாய் விடுதியில் விட்டாலும் இதே கதைதானே.

எதிர்வீட்டு அக்காவிடம்தான் கடைசியில் வாய்விட்டேன். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர் ஒரு கேன்டீனில் சமைக்கிறார், அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், வேன் ஓட்டுகிறார். அன்று மாடிப்படி ஏற முடியாமல் நான் பாதியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து ஓடிவந்தவர், தண்ணீர் கொடுத்துவிட்டு விசாரித்தார். சொன்னேன்.

"இன்னாது? நாய்க்கோசரமா ஆப்ரேசன தள்ளிப் போட்டுக்கினு கீற?"

"அவ யார் கையிலயும் சாப்பிட மாட்டாக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

அக்கா என்னைப் பார்க்காமல் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்குத் தயாராகிறவர் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"தோ பாரு, சொன்னா கோச்சுக்காத. உங்க சாமி விசயம், நான் குறுக்க வர்றது தப்புதான். நீ பஸ் ஏறினதும் அது உன் கேட்டு சந்துல பூந்து நேரா எங்க வூட்டுக்குத்தான் வரும். புரட்டாசி வந்தா டெய்லி வரும். வாயில்லாத ஜீவன் தயிர்சோத்தப் பாத்துக்கினு குந்தினு கீது, எனக்கு மனசு கேக்கல. சதுரங்கப்பட்டினம் மீனு, உப்பு காரம் போடாம அவிச்சு, முள்ள எல்லாம் எடுத்துட்டுத்தான் போடுவேன்."

"எத்தனை நாளா?"

"அது குட்டியா கீறப்போ இருந்து."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். வருஷக்கணக்காகப் பெருமாள் கணக்கில் எழுதிவைத்திருந்ததெல்லாம் மத்தியும் சங்கராவும் என்றால் யாருக்குத்தான் வராது? வாசலில் படுத்திருந்தவளைப் பார்த்தேன். அவள் அக்காவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். அக்கா பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா?"

"இல்லக்கா. நீங்க மட்டும் அதைச் செய்யாம இருந்திருந்தா நான் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன்."

அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. தையல் ஆறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நடக்க முடியாது என்பதால், அண்ணனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கயிற்றை மணிக்கட்டில் சுற்றக் கூடாது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தப் பக்கம் போகக் கூடாது, பயப்படுகிற பிள்ளைகள் எதிரே வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். செய்தித்தாள் விஷயத்தில் அவர் கொஞ்சம் இழுத்தார். அக்கா ஒரு முறை முறைத்ததும் வாங்கிக்கொண்டார். மீன் போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மருத்துவமனையில் என்னோடு தங்க அக்கா கேன்டீனுக்கு லீவு போட்டிருந்தார். என் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அவனால் உடனே வர முடியவில்லை. துணைக்கு வந்தவர் என்ன உறவு என்று நர்ஸ் கேட்டபோது நான் யோசிப்பதற்குள் "அக்கா" என்று அவரே சொல்லிவிட்டார்.

அவ்வளவு ஆன பிறகும், பச்சை அங்கியை மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது எனக்குள் பழைய பயம் எழும்பியது. அக்கா வீட்டில் அவள் தின்றதெல்லாம் நான் சாயங்காலம் திரும்பிவருவேன் என்ற தைரியத்தில்தானே. நேற்று ராத்திரி நான் வரவில்லை. இன்றைக்கும் தின்பாளா? நான் வராமலே போய்விட்டால்? எனக்கு என்ன ஆகும் என்பதைவிட இதுதான் பெரிதாக இருந்தது. அக்காவின் கையை விடவில்லை. தள்ளுகிறவர் கதவருகே நின்று காத்திருந்தார்.

"அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கக்கா."

நேரமாகிறது என்றார் நர்ஸ். ஒரு நிமிஷம்மா என்று அவரைக் கையமர்த்திவிட்டு அக்கா போன் போட்டார். அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ நீளமாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே தலையாட்டினார். பிறகு குனிந்து, என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார்.

"துன்னுட்டு உன் வூட்டு வாசல்ல போயி படுத்துக்கினு கீதாம். நீ வர்ற வரிக்கும் அத நாங்க பாத்துக்குறோம். போய்ட்டு வா."

நான் கையை விட்டேன்.